முன் வெயிட்டில் ஒரு கொக்கி

திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியின் எலும்பு வார்டு. என் கணவருக்கு வலது காலில் தொடை வரைக்கும் மாவுக்கட்டு. கட்டு இன்னும் முழுதாகக் காயவில்லை. அந்த ஈர வாசனையும் டெட்டால் வாசனையும் சேர்ந்து, காலையிலிருந்து எனக்கு ஒரு வாய் காப்பி இறங்கவில்லை.

ஆரோக்கியம் அண்ணன் வந்து வாசலில் நின்றார். எங்கள் ஊர் ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். பூசைக்குப் போகும்போது போடுகிற வெள்ளைச் சட்டை. கையில் ஒரு பை நிறைய சாத்துக்குடி.

என் கணவரின் தம்பி சேகர் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

“எதுக்குய்யா வந்த? இன்னொரு காலு மிச்சம் இருக்கு, அதையும் ஒடச்சிட்டுப் போவலாம்னா?”

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கட்டில்காரர் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்.

“வெல்டு வைக்கத் தெரியலேன்னா வூட்டு கேட்டு, கிரில்லுன்னு செஞ்சிட்டுப் போவ வேண்டியதுதானே? டிராக்டர்ல உன்னை யாரு கை வைக்கச் சொன்னா?”

ஆரோக்கியம் அண்ணன் என்னைப் பார்த்தார், ஒரே ஒரு முறை. நான் குனிந்து என் கணவரின் போர்வையைச் சரிசெய்தேன். சரியாகத்தான் இருந்தது போர்வை.

பையைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தார். “உடம்பைப் பாத்துக்குங்க சார்” என்று படுத்திருந்தவரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். “தப்பு அவர் மேல இல்லை, என் மேல” என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. நான் சொல்லவில்லை.

போன வாரம் இந்தத் தொடரில் வாழைக்கு முட்டுக் கொடுத்த கதையை எழுதி முடித்தபோதே, அடுத்து இதுதான் என்று எனக்குத் தெரியும். எரு, மழை, நோய் என்று எதையாவது எழுதி இன்னும் நாலு வாரம் ஓட்டிவிடலாமா என்றும் பார்த்தேன். கை ஓடவில்லை.

சாவி யார் கையில்

என் கணவர் அரசு பஸ்ஸில் கண்டக்டர். ஜீயபுரம் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் வாழை, கொஞ்சம் நெல். அவருக்கு டியூட்டி ஒரு நாள், ஓய்வு ஒரு நாள். விவசாயத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. எனவே வயல் என் பொறுப்பு என்று கல்யாணமான சில வருஷங்களிலேயே ஆகிவிட்டது.

பழைய டிராக்டர் ஒன்றை வாங்கினோம். ஓட்ட ஓர் ஆள் வைத்தோம். அவர் நடவுக்கு நடுவில் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் திருப்பூர் போய்விட்டார். சேற்றுக்குள் வண்டி நிற்கிறது. நாற்று பறித்துக் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். அவ்வளவுதான் என் டிரைவிங் ஸ்கூல். லைசென்ஸ் எல்லாம் பிறகுதான்.

சும்மா விடுவார்களா? “கண்டக்டர் பொண்டாட்டி டிரைவராயிட்டா, இனிமே டிக்கெட்டு அவரு, ஸ்டியரிங் இவங்க” என்று டீக்கடையில் கேலி. மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லுக்கு முதல் தடவை நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு போனபோது, மில்லில் எடை போடுகிறவர் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து பார்த்தார். நான் இறங்கி, “என்னங்க, டிராக்டரை முன்னப்பின்ன பார்த்ததில்லையா?” என்று கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு அது தெரிந்திருக்கும்.

வீட்டுக்குள் அந்த வாய் செல்லாது. மாமனார் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பங்காளிகள் கூடிய ஒரு நாளில், “பொம்பளை ஓட்டி நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா யாரு பதில் சொல்றது?” என்று ஒருவர் கேட்டார். என் கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் பதில் சொன்னார்.

“நான் சொல்றேன். சாவி அவகிட்டதான் இருக்கும்.”

அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. அவர் எனக்காகச் சபையில் பேசியது அந்த ஒரு தடவைதான். எனக்கு ஆயுசுக்கும் போதும் என்று இருந்தேன்.

ரிவர்ஸ்

நேராக ஓட்டுவதில் எனக்குப் பயமே இல்லை. ட்ரெய்லரைப் பின்னால் மாட்டிக்கொண்டு ரிவர்ஸ் எடுப்பதுதான் வராது. ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால் ட்ரெய்லர் வலது பக்கம் போகும். கழுத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணுக்குத் தெரிவதற்கு எதிராகக் கை செய்ய வேண்டும். ஆண்களிலும் பாதிப் பேருக்கு அது வராது. ஆனால் அவர்களுக்கு வராவிட்டால் வண்டி சரியில்லை என்பார்கள். எனக்கு வராவிட்டால் நான் சரியில்லை.

எங்கள் வாழைக்கொல்லைக்குப் போகும் வழி, வாய்க்கால் கரையோரம் ஒரு சந்து. ஒரு பக்கம் தென்னை, மறு பக்கம் தண்ணீர். உள்ளே போனால் திரும்ப இடமில்லை. எருவை ஏற்றிக்கொண்டு போனால் ரிவர்ஸில்தான் போக வேண்டும். முக்கொம்பு அணையில் தண்ணீர் திறந்து வாய்க்கால் நிரம்பி ஓடிய ஒரு நாளில், எருவும் ட்ரெய்லருமாக அந்த வாய்க்காலுக்குள் இறக்கிவிட்டேன். தூக்கியெடுக்கப் பதினைந்து பேர் வந்தார்கள். எருவைத் தண்ணீர் கொண்டுபோனதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தப் பதினைந்து பேரின் சிரிப்பைத்தான் ரொம்ப நாள் மறக்க முடியவில்லை.

அப்போது வந்ததுதான் அந்த யோசனை. ட்ரெய்லரைப் பின்னால் மாட்டாமல் முன்னால் மாட்டினால் என்ன? கண்ணுக்கு நேரே வைத்துக்கொண்டு, முன் கியரிலேயே தள்ளிக்கொண்டு போய்விடலாம். கொட்டிவிட்டு, காலி ட்ரெய்லரை அப்படியே பின்னுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

முன்னால் மாட்டுவதற்கு டிராக்டரில் இடம்? மூக்குக்குக் கீழே கனத்த இரும்புப் பாளம் ஒன்று தொங்குமே, அதுதான். பின்னால் பாரம் கூடினால் டிராக்டர் முன் சக்கரத்தைத் தூக்கும். தூக்காமல் அழுத்திப் பிடிக்க முன்னால் போல்ட் போட்டு வைத்திருக்கும் எடை அது. எங்கள் பக்கத்தில் முன் வெயிட் என்போம். அதில் ஒரு கொக்கி வைத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன்.

லோடு இழுக்காதே

ஆரோக்கியம் அண்ணன் முன் வெயிட்டைச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

“இது வார்ப்பு, தங்கச்சி. அச்சுல ஊத்துனது. இதுல வெல்டு வச்சா பிடிக்கிற மாதிரி பிடிக்கும், நேரம் பாத்து வுட்டுடும்.”

“அப்ப என்னண்ணே செய்யலாம்?”

“வெயிட்டைக் கழட்டு. டவுன்ல பெரிய மிஷின்ல குடுத்து நாலு ஓட்டை போட்டு, பின்பக்கம் கனமான பிளேட்டு குடுத்து போல்ட்டு போட்டுக் கொக்கியை முடுக்கிடுவோம். யானை கட்டி இழுத்தாலும் அசையாது. ஒரு வாரம் ஆவும்.”

எனக்கு ஒரு வாரம் இல்லை. எரு வந்து கொட்டிக் கிடந்தது. ஆயுதபூஜைக்கு முன்னால் கொல்லைக்குள் சேர்த்துவிட வேண்டும். என் கணவருக்கு அந்த வாரம் பண்டிகைக் கூட்டத்தால் தொடர்ந்து டியூட்டி. அவர் வருவதற்குள் வேலையை முடித்துவைத்து, பார்த்தீர்களா என்று நிற்க வேண்டும் என்றும் ஆசை. “இப்போதைக்கு வெல்டு வச்சுக் குடுங்கண்ணே. பூஜை முடிஞ்சதும் கழட்டிக் கொண்டாந்து தரேன்” என்று கெஞ்சினேன்.

அவர் அரைமனதாகத்தான் ஒத்துக்கொண்டார். ஆனால் வேலையை அரைகுறையாகச் செய்யவில்லை. வார்ப்புக்கென்று தனியாக இருக்கும் ராடை டவுனில் இருந்து வாங்கி வந்தார். கேஸ் நெருப்பில் அந்த இடத்தைச் சூடேற்றி, கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, ஒவ்வொரு தடவையும் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொடுத்து, கடைசியில் சாம்பலைக் கொட்டி மூடி ஆறவிட்டார். காலையில் விட்ட வண்டி சாயங்காலம்தான் கிடைத்தது.

“நல்லா கேட்டுக்க. லோடை வச்சுத் தள்ளு, ஒண்ணும் ஆவாது. காலி ட்ரெய்லரை இழு, அதுவும் பரவாயில்லை. லோடை மட்டும் இதுல மாட்டி இழுத்துடாத.”

சொன்னதோடு விடவில்லை. மஞ்சள் பெயிண்ட்டும் பிரஷ்ஷும் எடுத்து வந்து முன் வெயிட்டின் மேல், கொக்கிக்கு நேர் மேலே, பெரிய எழுத்தில் எழுதினார்: லோடு இழுக்காதே.

மூன்று நாளில் எரு முழுவதையும் உள்ளே தள்ளினேன். தென்னையில் உரசவில்லை, கரை சரியவில்லை. சந்து முனையில் நின்று பார்த்த இரண்டு பேர் ஒன்றும் சொல்லாமல் போனார்கள். எனக்கு அந்த மூன்று நாளும் தரையில் கால் படவில்லை.

நல்ல நாள்

ஆயுதபூஜைக்கு முதல் நாள் டிராக்டரைக் கழுவினேன். பானட்டுக்குச் சிவப்பு, சக்கரத்து நடுவுக்கு வெள்ளை, முன் வெயிட்டுக்குக் கறுப்பு என்று மூன்று டப்பா பெயிண்ட் வாங்கி வைத்திருந்தேன்.

கறுப்பு அடிக்கும்போது அந்த மஞ்சள் எழுத்துக்கு வந்தேன். கை நின்றது. வண்டிக்கு நெற்றி மாதிரி இருக்கிற இடம். அங்கேதான் சந்தனம் தெளித்துக் குங்குமம் வைக்கப் போகிறோம். நல்ல நாளும் அதுவுமாக அந்த இடத்தில் ‘இழுக்காதே’ என்று ஒரு சொல் எதற்கு? வருஷம் முழுக்க இழுத்துச் சம்பாதித்துக் கொடுக்க வேண்டிய வண்டி. வீட்டில் நல்ல காரியம் நடக்கும்போது ‘இல்லை’, ‘வேண்டாம்’ என்ற வார்த்தைகளைக்கூட நாம் வாயில் எடுப்பதில்லையே. பூஜை முடிந்ததும் எழுதிக்கொள்ளலாம் என்று அதன் மேல் இரண்டு கோட்டிங் கொடுத்தேன்.

மறுநாள் ஆரோக்கியம் அண்ணன் வீட்டுக்கு வந்தார். அவர் பட்டறையிலும் அன்று மாதா படத்துக்கு மாலை போட்டு, மிஷினெல்லாம் துடைத்துப் பொட்டு வைத்திருப்பார்கள். வேதக்காரர் பட்டறையில் பொட்டா என்று யாராவது கேட்டால், “மிஷினு இந்துதாங்க” என்பார். நான் பொரியும் சுண்டலும் கொடுத்தேன். அவர் டிராக்டரைச் சுற்றி வந்து, முன்னால் நின்றார்.

“எழுத்து மறஞ்சுபோச்சே தங்கச்சி.”

“நாளைக்கே எழுதிடறேண்ணே.”

“மறந்துடாத.”

சாயங்காலம் என் கணவர் டியூட்டி முடிந்து வந்தார். “புது வண்டி மாதிரில்ல இருக்கு” என்றார். கொக்கியைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, “நல்லா கனமா வச்சிருக்கான்” என்றார். ஆரோக்கியம் அண்ணன் சொன்னதை அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், ஏன் போல்ட் போட்டுச் செய்யவில்லை, என்ன அவசரம் என்று கேட்பார். அவசரக்காரி என்று எனக்கு வீட்டில் ஏற்கெனவே பெயர் உண்டு. அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லாமல் பேச்சை மாற்றினேன்.

மறுநாள் எழுதவில்லை. அதற்கு மறுநாளும் எழுதவில்லை. முன் வெயிட்டைக் கழற்றி டவுனுக்குக் கொண்டுபோகவும் இல்லை. மஞ்சள் பெயிண்ட் தீர்ந்துபோயிருந்தது என்று ஒரு சாக்கு வைத்திருந்தேன்.

ஐப்பசி ஞாயிறு

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். காலையிலிருந்து விட்டுவிட்டு மழை. வளையல் அடுக்கிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

நடந்ததைச் சேகர் சொல்லித்தான் கேட்டேன். பக்கத்துக் கொல்லைக்காரரின் வாழைத்தார் ஏற்றிய வேன் ஒன்று எங்கள் சந்தில் சேற்றில் இறங்கிவிட்டது. உதவிக்குக் கூப்பிட்டார்கள். சேகர் டிராக்டரை எடுத்துக்கொண்டு போனான். சந்தில் திரும்ப இடமில்லாததால் வண்டி வேனுக்கு எதிரும் புதிருமாக நின்றது. முன்னால்தான் கொக்கி இருக்கிறதே. நைலான் கயிற்றை வேனிலும் கொக்கியிலும் கட்டி, ரிவர்ஸ் போட்டு இழுத்தான். அசையவில்லை. என் கணவர் வேனுக்கு முன்னால், சேற்றில் நின்று சக்கரத்துக்கு அடியில் தென்னை மட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

சேகர் கயிற்றைத் தளரவிட்டு, வேகமாக ஒரே சுண்டாகச் சுண்டி இழுத்தான். கொக்கி பிய்த்துக்கொண்டது. இழுபட்ட கயிறு அதை வேன் பக்கம் வீசியது. அது பட்டு என் கணவருக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போய்விட்டன. ஒரு முழம் உயரமாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

மறுநாள் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனபோது அந்தக் கொக்கியைப் பார்த்தேன். வாசலில் போட்டு வைத்திருந்தார்கள். வெல்டு அப்படியே இருந்தது. கையகல வார்ப்புதான் வெல்டோடு சேர்ந்து பெயர்ந்து வந்திருந்தது. அதாவது ஆரோக்கியம் அண்ணனின் வேலை விட்டுப்போகவில்லை. எந்த இரும்பு தாங்காது என்று சொன்னாரோ அந்த இரும்புதான் விட்டது. பெயர்ந்த துண்டின் மேல் நான் அடித்த கறுப்பு பளபளத்தது.

கொக்கியை எடுத்துப்போய்ச் சாக்குக்கு அடியில் வைத்தேன். அன்று மத்தியானம்தான் அவர் சாத்துக்குடிப் பையோடு வார்டுக்கு வந்தார்.

பட்டப்பெயர்

ஏன் சொல்லவில்லை என்று என்னையே எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். சாவியைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம்தான். பொம்பளை ஓட்டினால் ஒன்று கிடக்க ஒன்று ஆகும் என்றவர்களின் வாயில் நானே கொண்டுபோய் விழ வேண்டும். எனக்காகச் சபையில் பேசிய மனிதரே கால் ஒடிந்து கிடக்கிறார். அவரிடம் எந்த முகத்தோடு சொல்வது? நாளைக்கு, நாளைக்கு என்று ஆறு வாரம் போனது. சாப்பிட்டேன், தூங்கினேன், வயலுக்குப் போனேன். எதுவும் நிற்கவில்லை. அதுதான் இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

இடையில் ஊர் பேசிக்கொண்டிருந்தது. ஆரோக்கியம் வெல்டு பிய்ந்து கண்டக்டர் கால் போச்சு என்று சேகர் போகிற இடமெல்லாம் சொன்னான். அவனுக்குத் தெரிந்த உண்மை அதுதான். பட்டறை வாசலில் எப்போதும் ஒன்றிரண்டு டிராக்டர் நிற்கும். அது நின்றுபோனது. நான் அந்த வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தேன்.

ஒரு நாள் மருந்து வாங்கிக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்துகொண்டிருந்தேன். முன் சீட்டில் ஒருவர் போனில் யாருக்கோ வழி சொன்னார். எங்கள் ஊர்க்காரர் இல்லை, முன்பின் பார்த்த முகம் இல்லை.

“ரயில்வே கேட் தாண்டி இறங்குங்க. காலொடிச்சான் பட்டறைன்னு கேளுங்க, யாரா இருந்தாலும் சொல்லுவாங்க. அதுக்கு எதிர் வீடு.”

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது, அவர் சொன்னது ஆரோக்கியம் அண்ணனின் பட்டறையை. எங்கள் பக்கத்தில் பட்டப்பெயர் ஒருவருக்கு ஒட்டிவிட்டால் லேசில் போகாது. பிள்ளைகளுக்குப் போகும், பேரப்பிள்ளைகளுக்கும் போகும். காலொடிச்சான் மகளுக்கு வரன் பார்க்கிறார்கள் என்று நாளைக்குச் சொல்வார்கள். இருபத்தைந்து வருஷம் ஒழுங்காக இரும்பு ஒட்டிய மனிதருக்கு நான் வாங்கிக் கொடுத்த பெயர்.

என் ஸ்டாப்புக்கு முன்பே இறங்கி, மீதி தூரம் நடந்தேன். உட்கார்ந்து வர முடியவில்லை.

வீட்டில்

என் கணவர் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சேகர் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். டிவியை நிறுத்தச் சொன்னேன். சாக்குக்கு அடியிலிருந்த கொக்கியைக் கொண்டுவந்து தரையில் வைத்தேன். ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். எழுத்தின் மேல் பெயிண்ட் அடித்ததையும் மறைக்கவில்லை.

சேகர்தான் முதலில் பேசினான். “அண்ணி, ஆஸ்பத்திரியில அந்தாளை என்னவெல்லாம் பேசினேன்... பாத்துக்கிட்டுதானே நின்னீங்க?”

“ஆமாம்” என்றேன். அவன் எழுந்து வெளியே போய்விட்டான். இன்றுவரை அவன் என்னிடம் பழையபடி பேசுவதில்லை. அதில் நியாயம் இருக்கிறது.

என் கணவர் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இடுப்பிலிருந்து டிராக்டர் சாவியை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

“ஆரோக்கியத்துக்கிட்ட சொன்னியா?”

“இல்லை.”

“என்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? எனக்குக் கால்தான் போச்சு. அது கூடிக்கும்” என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பட்டறையில்

மறுநாள் காலையில் போனேன். வாசலில் டிராக்டர் எதுவும் இல்லை. யார் வீட்டுக்கோ செய்கிற ஒரு கேட் மட்டும் வேலைச் சட்டத்தின் மேல் கிடந்தது. ஆரோக்கியம் அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

“வாங்க” என்றார். தங்கச்சி இல்லை. வா போய், வாங்க வந்திருந்தது.

“வீட்ல எல்லாத்தையும் சொல்லிட்டேண்ணே.”

“எப்ப?”

“நேத்து.”

அவர் கையில் இருந்த ராடைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் கேட்டின் கம்பிகளைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“நீங்க ஏன் அன்னைக்கே ஆஸ்பத்திரியில சொல்லலை?” என்று கேட்டேன். இப்போது எழுதும்போது தெரிகிறது, கேட்கக் கூடாத கேள்வி. பாதிக் குற்றத்தை அவர் தலையில் வைக்கப் பார்த்த கேள்வி.

“வூட்டுக்காரரு அப்படிக் கெடக்குறாரு. நீங்க பக்கத்துல நிக்கிறீங்க. அந்த நேரத்துல உங்களைக் காட்டிக்குடுக்க மனசு வரலைங்க. நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். அன்னைக்கு இல்லாட்டி மறுநாளு. மறுநாளு இல்லாட்டி, அவரு வூட்டுக்கு வந்த பொறவு. டெய்லி யாராச்சும் வருவாங்கன்னு ரோட்டைப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு மாசம் பாத்தேன். அப்புறம் வுட்டுட்டேன்.”

நான் அழுதேன். அவர் சமாதானம் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை. ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

“பெயிண்ட்டுல எழுதினது என் தப்பு” என்றார், கேட்டைப் பார்த்துக்கொண்டே. “உளியால வெட்டியிருக்கணும். பூஜை அன்னைக்குப் பாத்தப்பவாவது நானே பிரஷ்ஷை வாங்கி எழுதியிருக்கணும்.”

“அப்படிச் சொல்லாதீங்கண்ணே.”

“தோணுறதைத்தான் சொல்றேன்.”

புதிதாக ஒரு கொக்கி, அவர் முதலில் சொன்னபடியே போல்ட் போட்டு, அவர் கையாலேயே செய்து தர வேண்டும் என்று கேட்டேன். ஊர் பார்க்க அந்த வண்டி அவர் வாசலில் நிற்கட்டும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

“வேற யாருகிட்டயாவது குடுத்துக்குங்க. உங்க வண்டின்னா எனக்குக் கை ஓடாது” என்றார்.

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஒரு நாள் ஆறும் என்று நம்பியிருப்பேன். டிராக்டர் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. எருவை இப்போது கூடையில் சுமந்துதான் கொல்லைக்குள் சேர்க்கிறேன்.

டீக்கடையில் நானே போய்ச் சொன்னேன். சேகரும் சொன்னான். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஆனால் பட்டப்பெயர் நின்றபாடில்லை. காரணம் பொய் என்று தெரிந்த பிறகும் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வாய்ப் பழக்கம். பஸ்ஸில் வழி சொன்னவரைப் போல, எங்கள் ஊரையே தெரியாதவர்கள் வரை அது போய்விட்டது. நான் ஒவ்வொரு வாயாகத் தேடிப் போக முடியாது. ஆனால் இந்தப் பத்திரிகை போகும். சலூனிலும் டீக்கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் கிடக்கும்.

போன வாரம் மறுபடியும் பட்டறைக்குப் போய், இதையெல்லாம் எழுதலாமா என்று அவரிடம் அனுமதி கேட்டேன். அவர் பத்திரிகையைப் பிரித்து, இந்தத் தொடர் வரும் பக்கத்தை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

“பேரு போடுவாங்களா?”

“உங்க பேராண்ணே? வேண்டாம்னா மாத்தி எழுதிடறேன்.”

“என் பேருதான் ஊருக்கே தெரியுமே. உங்க பேரைக் கேட்டேன்.”

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வாரமாக இந்தப் பக்கத்தில் ‘ஒரு விவசாயி’ என்றுதான் வந்துகொண்டிருந்தது. பொம்பளை எழுதுவது, அதுவும் வீட்டு விஷயத்தை எழுதுவது, வெளியில் தெரிய வேண்டாம் என்று நான்தான் ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“போடுவாங்க” என்றேன்.

“அப்ப எழுதுங்க.”

— ச. மலர்க்கொடி, ஜீயபுரம்